எந்த ஜங்ஷன் முக்கியம்? வலைப்பின்னலில் மையத்தன்மையை அளக்கும் வழிகள்

தமிழ்நாட்டின் ரயில் பாதைகளில் எந்த ஜங்ஷன் முக்கியமானது என்று கேட்டால் சிலர் திருச்சி என்பார்கள், சிலர் விழுப்புரம் என்பார்கள். ஏன் என்று அடுத்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். நாலா பக்கமும் லைன் பிரிகிறது என்பார் ஒருவர். எங்கிருந்து கிளம்பினாலும் சீக்கிரம் வந்துவிடலாம் என்பார் இன்னொருவர். அங்கே ஒரு சிக்னல் கோளாறு வந்தால் பாதி வண்டிகள் நின்றுவிடும் என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் ‘முக்கியம்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது மூன்று வேறு விஷயங்கள்.

மையத்தன்மை என்ற பெயரில் உள்ள அளவீடுகள் எல்லாம் இப்படிப்பட்ட பதில்களை எண்ணாக மாற்றும் சூத்திரங்களே. எந்தச் சூத்திரம் எந்தக் கேள்விக்கானது என்று தெரியாமல் மென்பொருளை ஓட்டினால் நாலு தசம இடத்துக்குச் சுத்தமாக எண் வரும். அதை வைத்து என்ன சொல்லலாம் என்பதுதான் தெரியாது. எனவே முதலில் ஒரு சிறிய வலைப்பின்னலில் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

படம் வரைதல்

ஒரு தாளின் நடுவில் திருச்சியைக் குறியுங்கள். அதற்கு மேலே ஒரு வளையம்: திருச்சி, விருத்தாசலம், விழுப்புரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், மீண்டும் திருச்சி. இதில் விருத்தாசலம் வழியாகப் போவது கார்டு லைன். மயிலாடுதுறை, தஞ்சாவூர் சுற்றி வருவது மெயின் லைன். திருச்சிக்குக் கீழே இன்னொரு வளையம்: திருச்சி, காரைக்குடி, மானாமதுரை, மதுரை, திண்டுக்கல், மீண்டும் திருச்சி. விழுப்புரத்திலிருந்து வடக்கே செங்கல்பட்டுக்கு ஒரு கோடு. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு கோடு. மொத்தம் 11 புள்ளிகள், 12 கோடுகள்.

புள்ளியைக் கணு என்போம், கோட்டை இணைப்பு என்போம். அரியலூர், கும்பகோணம், புதுக்கோட்டை, மணப்பாறை போன்ற இடைப்பட்ட ஸ்டேஷன்கள் கோட்டுக்குள் அடக்கம். விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கும் கடலூருக்கும் போகும் பாதைகள், விழுப்புரம்–காட்பாடி, திருச்சி–கரூர், மதுரைக்குத் தெற்கே உள்ள பாதைகள், திருவாரூர்ப் பக்கம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறோம். கணக்குச் சுலபமாகும் என்பதுதான் காரணம். அப்படி வெட்டியதால் என்ன கெடுகிறது என்பதைப் பின்னால் எண்களோடு பார்க்கலாம்.

இந்தப் படத்தில் ஒரு வசதி உண்டு. திருச்சியில் மடித்தால் மேல்பாதியும் கீழ்பாதியும் பொருந்திவிடும். விருத்தாசலத்துக்கு ஜோடி காரைக்குடி, விழுப்புரத்துக்கு மானாமதுரை, மயிலாடுதுறைக்கு மதுரை, தஞ்சாவூருக்குத் திண்டுக்கல், செங்கல்பட்டுக்கு ராமேஸ்வரம். மேல்பாதிக்குக் கணக்குப் போட்டால் கீழ்பாதிக்கும் அதே எண்கள்தான்.

டிகிரி: எத்தனை கோடுகள்?

ஒரு கணுவைத் தொடும் இணைப்புகளை எண்ணினால் டிகிரி. திருச்சிக்கு 4, விழுப்புரத்துக்கு 3, செங்கல்பட்டுக்கு 1. விருத்தாசலம், தஞ்சாவூர், மயிலாடுதுறை மூன்றுக்கும் 2. எல்லா டிகிரிகளையும் கூட்டினால் கோடுகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 24, வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

வேறு அளவு வலைப்பின்னலோடு ஒப்பிட வேண்டுமானால், ஒரு கணுவுக்கு அதிகபட்சம் எத்தனை இணைப்பு இருக்க முடியுமோ அதால் வகுக்க வேண்டும். 11 கணுக்களில் அது 10. திருச்சிக்கு 0.4.

டிகிரி பக்கத்து வீட்டை மட்டும் பார்க்கும் அளவு. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் இதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு நோய் நேரடித் தொடர்பில் மட்டும் பரவுகிறது, இன்று யாருக்கு ஒட்டும் அபாயம் அதிகம் என்பது கேள்வியானால் டிகிரியே போதும். பெரிய தரவுகளில் மற்ற அளவீடுகளும் பெரும்பாலும் டிகிரியை ஒட்டியேதான் வரும். எந்தக் கணுவில் அவை டிகிரியிலிருந்து விலகுகின்றன என்று தேடுவதுதான் சுவாரஸ்யமான வேலை.

குளோஸ்னெஸ்: எல்லோருக்கும் எவ்வளவு பக்கம்?

ஒரு கணுவிலிருந்து மற்ற ஒவ்வொரு கணுவுக்கும் மிகக் குறைந்தது எத்தனை இணைப்புகள் கடக்க வேண்டும் என்று எண்ணிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்தால் கணு மையத்துக்கு நெருக்கம். பெரிய எண் என்றால் முக்கியம் என்ற வழக்கத்துக்கு ஏற்ப அதைத் தலைகீழாக்கி, மற்ற கணுக்களின் எண்ணிக்கையான 10-ஐ இந்தக் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள்.

திருச்சியிலிருந்து 1 தாவலில் நான்கு ஊர், 2 தாவலில் நான்கு, 3 தாவலில் செங்கல்பட்டும் ராமேஸ்வரமும். 4 + 8 + 6 = 18. குளோஸ்னெஸ் 10/18, அதாவது 0.556. இதே வழியில் விருத்தாசலத்துக்குக் கூட்டுத்தொகை 22, மதிப்பு 0.455. தஞ்சாவூருக்கு 23, 0.435. விழுப்புரத்துக்கு 26, 0.385. மயிலாடுதுறைக்கு 27, 0.370. செங்கல்பட்டுக்கு 35, 0.286.

முதல் ஆச்சரியம் இங்கேயே வந்துவிட்டது. மூன்று கோடு உள்ள விழுப்புரத்தை இரண்டே கோடு உள்ள விருத்தாசலமும் தஞ்சாவூரும் முந்திவிட்டன. காரணம், அவை திருச்சியை நேரடியாகத் தொடுகின்றன. திருச்சியைத் தொட்டாலே கீழ்பாதி முழுவதும் ஒரு தாவல் பக்கமாகிவிடுகிறது.

குளோஸ்னெஸில் எண்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பல்லாயிரம் கணுக்கள் உள்ள சமூக வலைப்பின்னலில் எல்லாத் தூரங்களும் 3-க்கும் 6-க்கும் நடுவே அடங்கிவிடுவது சகஜம். அப்போது முதல் இடத்துக்கும் நூறாவது இடத்துக்கும் வித்தியாசம் மூன்றாம் தசமத்தில்தான் இருக்கும். அதை வைத்துத் தரவரிசை போடுவது வீண்.

பிட்வீன்னெஸ்: வழியில் யார் நிற்கிறார்கள்?

சிக்னல் கோளாறு பற்றிப் பேசிய மூன்றாமவரின் கேள்வி இது. இரண்டு கணுக்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எது என்று பார்த்து, அந்த வழியில் இடையில் நிற்கும் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு புள்ளி. எல்லா ஜோடிகளுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் பிட்வீன்னெஸ். குறுகிய வழிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த ஒரு புள்ளியை வழிகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். லின்டன் ஃப்ரீமன் 1977-இல் இந்த அளவைச் சமூகவியலில் நிலைநிறுத்தினார்.

திருச்சிக்குக் கணக்குப் போடுவோம். திருச்சியை நீக்கினால் மீதி 10 கணுக்கள், 45 ஜோடிகள். மேல்பாதியில் 5 ஊர், கீழ்பாதியில் 5 ஊர். மேலிருந்து கீழே போக வேறு வழியே இல்லாததால் 5 × 5 = 25 ஜோடிகளும் திருச்சி வழியாகத்தான் போக வேண்டும். ஒரே பாதிக்குள் இருக்கும் ஜோடிகளையும் விடக்கூடாது. விருத்தாசலத்திலிருந்து தஞ்சாவூர் போக திருச்சி வழியாக 2 தாவல், விழுப்புரம் சுற்றினால் 3. எனவே இதுவும் திருச்சிக்கே. கீழே காரைக்குடி–திண்டுக்கல்லும் அப்படியே. மொத்தம் 27.

விருத்தாசலம்: செங்கல்பட்டும் விழுப்புரமும் திருச்சிக்கோ அதற்குக் கீழே உள்ள ஐந்து ஊர்களுக்கோ போக கார்டு லைன்தான் குறுக்கு வழி. 2 × 6 = 12. விழுப்புரம்: செங்கல்பட்டு வேறு எங்கே போக வேண்டுமானாலும் விழுப்புரத்தைத் தாண்டியாக வேண்டும், அது 9, விருத்தாசலம்–மயிலாடுதுறை ஜோடி ஒன்று, ஆக 10. தஞ்சாவூர் 6. மயிலாடுதுறை 2. செங்கல்பட்டு 0, ஓரத்தில் தொங்கும் கணுவுக்கு எப்போதும் 0 தான்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. தூரம் 4 என்றால் இடையில் 3 கணுக்கள். தூரத்தைவிட எப்போதும் ஒன்று குறைவு. ஆகவே எல்லாக் கணுக்களின் பிட்வீன்னெஸையும் கூட்டினால், எல்லா ஜோடிகளின் தூரங்களைக் கூட்டி அதிலிருந்து ஜோடிகளின் எண்ணிக்கையைக் கழித்தது வர வேண்டும். நம் படத்தில் தூரங்களின் கூட்டுத்தொகை 142, ஜோடிகள் 55, வித்தியாசம் 87. பிட்வீன்னெஸ் கூட்டுத்தொகை 27 + 2 × (12 + 10 + 6 + 2) = 87. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் பெரும்பாலும் குறுகிய வழி இரண்டு இருந்த இடத்தில் புள்ளியைப் பிரிக்காமல் இரண்டுக்கும் முழுதாகக் கொடுத்திருப்பீர்கள், அல்லது போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணி எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கியிருப்பீர்கள்.

டிகிரிக்கும் பிட்வீன்னெஸுக்கும் உள்ள இடைவெளிக்குப் புகழ்பெற்ற உதாரணம் அலாஸ்காவின் ஆங்கரேஜ் விமான நிலையம். உலக விமான வழித்தடங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், இணைப்புகள் அவ்வளவாக இல்லாத ஆங்கரேஜ் பிட்வீன்னெஸில் முன்வரிசைக்கு வந்தது. அலாஸ்காவின் ஏராளமான சிற்றூர் விமான நிலையங்களுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு ஆங்கரேஜ் வழியாகத்தான். செங்கல்பட்டு விழுப்புரத்துக்கு 9 புள்ளி வாங்கிக் கொடுத்ததும் இதே முறையில்தான்.

ஐகன்வெக்டர்: யாரோடு சேர்ந்திருக்கிறார்?

எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட யாரைத் தெரியும் என்பதற்கு மதிப்புக் கொடுக்கும் அளவு இது. செய்முறை: எல்லாக் கணுவுக்கும் 1 கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணுவின் புதிய மதிப்பு அதன் அண்டைக் கணுக்களின் பழைய மதிப்புகளின் கூட்டுத்தொகை. விகிதம் மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் சுற்றில் டிகிரியே வரும். இரண்டாம் சுற்றில் திருச்சி 8, விருத்தாசலம் 7, தஞ்சாவூர் 6, விழுப்புரம் 5, மயிலாடுதுறை 5, செங்கல்பட்டு 3. மூன்றாம் சுற்றில் திருச்சி 26, விழுப்புரம் 15, விருத்தாசலம் 13, தஞ்சாவூர் 13, மயிலாடுதுறை 11, செங்கல்பட்டு 5. கவனித்தீர்களா? இரண்டாம் சுற்றில் பின்னால் இருந்த விழுப்புரம் மூன்றாம் சுற்றில் விருத்தாசலத்தை முந்திவிட்டது. நான்காம் சுற்றில் மறுபடி பின்னால் போகும். மதிப்பு ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம் என்று ஊசலாடுகிறது. பாதியில் நிறுத்தினால் தப்பான வரிசையோடு எழுந்து வருவீர்கள். ஒரு மையமும் அதைச் சுற்றி ஓரக் கணுக்களும் மட்டும் உள்ள நட்சத்திர வடிவத்தில் இந்த ஊசலாட்டம் நிற்கவே நிற்காது.

தீர்வு எளிது. அண்டைகளைக் கூட்டும்போது கணுவின் சொந்தப் பழைய மதிப்பையும் சேர்த்துக் கூட்டுங்கள். கடைசி விடை மாறாது, ஊசலாட்டம் அடங்கிவிடும். திருச்சியை 1 என்று வைத்தால் விருத்தாசலம் 0.63, தஞ்சாவூர் 0.60, விழுப்புரம் 0.53, மயிலாடுதுறை 0.46, செங்கல்பட்டு 0.22.

கூகுள் நிறுவனர்கள் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் இதன் நெருங்கிய உறவு. அதில் ஒரு இணையப் பக்கம் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். கூடவே, நூற்றுக்கு 15 பங்கு வாய்ப்பில் வாசகர் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார் என்ற அனுமானமும் உண்டு. திசை உள்ள இணைப்புகளுக்கு அது அருமையான கருவி. திசை இல்லாத ரயில் படத்தில் ஓட்டினால் ஏறக்குறைய டிகிரியைத்தான் வேறு வேடத்தில் திருப்பித் தரும், அதனால் பயனில்லை.

மதுரைக்கு வெறும் 2-ஆ?

மயிலாடுதுறையின் ஜோடி மதுரை என்பதால் மதுரையின் பிட்வீன்னெஸும் 2. மதுரைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. திண்டுக்கல்லிலிருந்து மானாமதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகும் இரண்டு ஜோடிகளைத் தவிர மதுரைக்கு வேலையே இல்லை என்கிறது நம் படம். மதுரைக்குத் தெற்கே படத்தை வெட்டியதால் வந்த விளைவு இது.

விருதுநகரைச் சேர்ப்போம். அது மதுரையோடும் மானாமதுரையோடும் இணைகிறது. திண்டுக்கல்–விருதுநகர் ஜோடி முழுதாக மதுரைக்கு வருகிறது. திருச்சியும் அதற்கு மேலே உள்ள ஐந்து ஊர்களும் விருதுநகர் போக மதுரை வழியும் மானாமதுரை வழியும் ஒரே நீளம் என்பதால் ஆளுக்குப் பாதி. 6 × 0.5 = 3. மதுரை 2-லிருந்து 6-க்கு ஏறிவிட்டது. விருதுநகருக்குப் பின்னால் திருநெல்வேலியையும் கோர்த்தால் 10. ஊர் மாறவில்லை, தண்டவாளம் மாறவில்லை; தாளின் ஓரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம், அவ்வளவுதான்.

எல்லா உண்மையான தரவிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு அலுவலகத்துக்குள் யார் யாருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள் என்ற தரவில், வாடிக்கையாளர்களோடு பேசும் விற்பனைப் பிரிவு ஓரத்தில் ஒதுங்கித் தெரியும். அவர்களுடைய வேலையெல்லாம் வெட்டப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கணுக்களின் எண்களை நம்பக் கூடாது. ஆய்வுக்கு வேண்டிய பகுதியைவிட ஒன்றிரண்டு தாவல் அகலமாகத் தரவு எடுத்து, கணக்குப் போட்ட பிறகு ஓரத்தை உதறிவிடுவதுதான் வழக்கமான மருந்து.

விட்டுப்போன ஒரு பாதை இதைவிடக் குழப்பும். திருவாரூரைச் சேருங்கள். அது மயிலாடுதுறை, தஞ்சாவூர், காரைக்குடி மூன்றோடும் இணைகிறது. பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகப் போகும் அந்தக் காரைக்குடிப் பாதை திருச்சியைத் தொடாமலே மேல்பாதியைக் கீழ்பாதியோடு சேர்த்துவிடுகிறது. விழுப்புரத்திலிருந்து காரைக்குடிக்கு இப்போது விருத்தாசலம்–திருச்சி வழியும் 3 தாவல், மயிலாடுதுறை–திருவாரூர் வழியும் 3 தாவல். புள்ளி பாதிப் பாதியாகப் பிரியும். இப்படி எல்லா ஜோடிகளையும் மறுபடி போட்டால் திருச்சி 27-லிருந்து 20.67-க்கு இறங்குகிறது, காரைக்குடி 12-லிருந்து 16.83-க்கு ஏறுகிறது. திருச்சியை நீக்கிய ஜோடிகள் 45-லிருந்து 55 ஆகிவிட்டதால், அந்த எண்ணிக்கையால் வகுத்து விகிதத்தில் பார்த்தால் திருச்சி 0.600-லிருந்து 0.376. முன்பு திருச்சியை நீக்கினால் படம் இரண்டு துண்டாக உடையும். இப்போது உடையாது.

மூன்றே கோடுகளுக்கு இந்த மாற்றம். இரண்டு பகுதிகளைப் பாலம் போல இணைக்கும் இப்படிப்பட்ட கோடுகள் வந்தாலோ போனாலோ பிட்வீன்னெஸ் பெரிதாக மாறிவிடும். டிகிரியில் ஒரு கோடு விட்டுப்போனால் இரண்டு கணுக்களின் மதிப்பு ஆளுக்கு ஒன்று குறையும், அதோடு சரி.

எடை கொடுக்கும்போது நடக்கும் விபத்து

எல்லாக் கோடும் சமம் என்று இதுவரை வைத்துக்கொண்டோம். நிஜத்தில் மெயின் லைனில் சுற்றி வர நேரம் அதிகம். கோட்டுக்குக் கிலோமீட்டரையோ பயண நேரத்தையோ எடையாகக் கொடுக்கலாம். ஆனால் எடை என்ற சொல்லை ஒவ்வொரு சூத்திரமும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது. குளோஸ்னெஸும் பிட்வீன்னெஸும் எடையைத் தூரமாக எடுத்துக்கொள்ளும். பெரிய எண் என்றால் நீண்ட வழி. ஐகன்வெக்டரும் பேஜ்ரேங்கும் அதைப் பலமாக எடுத்துக்கொள்ளும். பெரிய எண் என்றால் நெருங்கிய உறவு.

ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதை எடையாகக் கொடுத்துவிட்டுப் பிட்வீன்னெஸ் கணக்கிட்டால், வண்டி அதிகம் ஓடும் பாதையே மிக நீளமான பாதை என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். குறுக்கு வழியெல்லாம் வண்டியே ஓடாத கிளைப் பாதைகளில் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, முடிவு மட்டும் தலைகீழாக இருக்கும். பலத்தைத் தூரமாக்க, 1-ஐ அந்த எண்ணால் வகுத்துக் கொடுக்க வேண்டும். நண்பர்களுக்கிடையே எத்தனை முறை பேசினார்கள், இரண்டு மரபணுக்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன போன்ற தரவுகளிலும் இந்தத் தவறு சர்வ சாதாரணம்.

எடை தசமமாக இருந்தால் இன்னொரு தொல்லை. இரண்டு வழிகளும் ஒரே நீளம் என்பது அநேகமாக நடக்காது. ஒரு வழி 0.01 நிமிடம் குறைவு என்பதற்காக மொத்தப் புள்ளியும் அதற்கே போய்விடும். முன்பு பாதிப் பாதியாகப் பிரிந்த இடத்தில் இப்போது ஒன்றுக்கு எல்லாம், மற்றதற்கு ஒன்றுமில்லை. எடையை முழு எண்ணாக்கிக் கொடுத்தால் கொஞ்சம் நியாயம் பிறக்கும்.

மென்பொருளில் கவனிக்க வேண்டியவை

பைத்தான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பு பிட்வீன்னெஸை இயல்பாகவே ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தரும், திருச்சிக்கு 0.6 காட்டும். ஆர் மொழியின் ஐகிராஃப் இயல்பாக வகுக்காது, 27 காட்டும். இரண்டும் சரி. ஒரு அட்டவணையில் கலந்து போட்டால் தப்பு.

வலைப்பின்னல் துண்டு துண்டாக இருந்தால் குளோஸ்னெஸ் தடுமாறும். போகவே முடியாத கணுவுக்குத் தூரம் முடிவிலி. சில மென்பொருள்கள் அந்தக் கணுவைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு எட்டும் கணுக்களுக்கு மட்டும் சராசரி போடும். அப்போது தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இரண்டு பேர் ஊருக்கே மையமாக, மதிப்பு 1 வாங்கி உட்கார்ந்துகொள்வார்கள். தூரங்களைக் கூட்டித் தலைகீழாக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு தூரத்தையும் முதலில் தலைகீழாக்கிப் பிறகு கூட்டும் ஹார்மோனிக் வகை இதற்கு நல்ல மாற்று. எட்டாத கணு அதில் 0 சேர்க்கும், கணக்கு உடையாது.

பிட்வீன்னெஸுக்கு நேரம் பிடிக்கும். உல்ரிக் பிராண்டஸ் 2001-இல் தந்த வழிமுறையில் வேலை கணுக்களின் எண்ணிக்கையை இணைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவு. ஆயிரக்கணக்கில் இருந்தால் பிரச்சினையில்லை. பத்து லட்சம் கணுக்களும் ஒரு கோடி இணைப்புகளும் என்றால் எல்லாக் கணுவிலிருந்தும் கணக்கிடாமல், சில நூறு கணுக்களைக் குலுக்கலில் எடுத்து அவற்றிலிருந்து மட்டும் வழிகளை எண்ணுவார்கள். மேல்வரிசை ஓரளவு சரியாக வரும். கீழ்வரிசையை நம்ப முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் வலைப்பின்னலில் ஓடுவது என்ன, அது எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. பிட்வீன்னெஸ் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் அனுமானிக்கிறது: ஓடுவது குறுகிய வழியில் மட்டுமே ஓடும், எல்லா ஜோடிக்கும் சமமான போக்குவரத்து. ரயிலுக்கும் பார்சலுக்கும் முதலாவது ஓரளவு பொருந்தும். வதந்திக்குப் பொருந்தாது, வதந்தி ஒரே நேரத்தில் பல பக்கம் போகும், சுற்றிச் சுற்றி வரும். அதற்கு ஐகன்வெக்டர் வகை கிட்டத்தில் வரும். இரண்டாவது அனுமானம் ரயிலுக்கே பொருந்தாது. சென்னைப் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஓடும் கூட்டமும் தஞ்சாவூரிலிருந்து விருத்தாசலம் போகும் கூட்டமும் ஒன்றல்ல. டிக்கெட் எண்ணிக்கை கையில் இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் 1 கொடுப்பதற்குப் பதில் அந்த எண்ணையே கொடுத்துக் கூட்டலாம். சூத்திரம் அதேதான், விடை நிஜத்துக்கு நெருங்கும்.

எண் வந்த பிறகு ஒவ்வொரு கோடாக நீக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நம் 11 கணுப் படத்தில் திருச்சி–தஞ்சாவூர் கோட்டை மட்டும் எடுத்துவிடுவோம். மேலே உள்ள வளையம் அறுந்து, தஞ்சாவூரும் மயிலாடுதுறையும் திருச்சிக்கு விழுப்புரம் சுற்றித்தான் வர முடியும். திருச்சி 27-லிருந்து 26-க்கு மட்டும் நகர்கிறது. விருத்தாசலம் 12-லிருந்து 24, விழுப்புரம் 10-லிருந்து 23, தஞ்சாவூர் 6-லிருந்து 0. முதல் இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி தெரியும். அதற்குள் கார்டு லைனில் சுமை இரண்டு மடங்காகியிருக்கும்.